மரமேறாத மரத்தவளை

அன்புள்ள ஆசிரியருக்கு,

போன மாதம் மூணாறு போயிருந்தோம். தங்கிய விடுதியில் ஒரு சிவப்புத் தவளையின் படம், கீழே ‘ராவோர்செஸ்டெஸ் ரெஸ்ப்ளெண்டென்ஸ், பிஜு மற்றும் பிறர், 2010’ என்று எழுதியிருந்தது. ஆனைமுடி உச்சியில் புல்லுக்கடியில் வாழ்வதாம், ஆனால் மரத்தவளைக் குடும்பமாம்! பக்கத்தில் ஒரு பச்சைத் தவளை, ‘ராவோர்செஸ்டெஸ் சலசோடெஸ் (குந்தர், 1876)’. இதற்கு மட்டும் ஏன் அடைப்புக்குறி? அச்சுப் பிழையா? ‘ராவோர்செஸ்டெஸ்’ என்பதில் வரும் ராவ் யார்?

க., உடுமலைப்பேட்டை

அன்புள்ள க.,

பிழை இல்லை. பெயர் வைத்தவர் முதலில் வேறொரு பேரினத்தில் வைத்த சிற்றினம், பின்னால் இடம் மாறியிருக்கிறது என்பதற்குத்தான் அந்த அடைப்புக்குறி. லண்டனில் இருந்த விலங்கியலாளர் குந்தர் 1876இல் பச்சைத் தவளையை இக்சாலஸ் என்ற பேரினத்தில் சேர்த்தார். அப்புறம் அது பிலாட்டஸ் ஆனது, இப்போது ராவோர்செஸ்டெஸ். எத்தனை வீடு மாறினாலும் குந்தர் வைத்த ‘சலசோடெஸ்’ மட்டும் கூடவே வரும். சிவப்புத் தவளைக்கு வீடு மாறும் வேலையே வரவில்லை. ராவோர்செஸ்டெஸ் என்ற பேரினத்தை உண்டாக்கிய அதே கட்டுரையில்தான் அதற்கும் பெயர் வைத்தார்கள்.

மரமேறாதது எப்படி மரத்தவளை என்றால், வகைப்பாடு குடியிருக்கும் இடத்தைப் பார்ப்பதில்லை, வம்சத்தைப் பார்க்கிறது. ஆரஞ்சுச் சிவப்பு உடம்பு, அதில் தடித்த சுரப்பிகள், குட்டையான கைகால். பார்த்தால் மரத்தவளைக் குடும்பத்துப் புதர்த்தவளைகளுக்குச் சொந்தம் என்று சொல்லத் தோன்றாது. மரபணுவை ஒப்பிட்டபோது அவற்றின் நடுவிலேயே போய் உட்கார்ந்தது. இந்தக் கூட்டத்தில் தலைப்பிரட்டைப் பருவம் கிடையாது, முட்டைக்குள்ளிருந்து குட்டித் தவளையாகவே வெளியே வரும். 2,695 மீட்டர் உயரத்தில், குளம் குட்டையை நம்பாமல் வாழ இது தோதுதானே? (ராஜமலையில் வரையாடு பார்த்துவிட்டுத் திரும்பியிருப்பீர்கள். நானும் அவ்வளவுதான், தவளையைப் படத்தில்தான் பார்த்திருக்கிறேன்.)

பிலாட்டஸ் என்ற பெயர் இப்போது தென்கிழக்காசியப் பக்கத்துத் தவளைகளோடு நின்றுவிட்டது. இலங்கைக் கூட்டம் சூடோபிலாட்டஸ். நம் மேற்குத் தொடர்ச்சி மலைக் கூட்டத்துக்குப் புதுப்பெயர் தேவைப்பட்டபோதுதான் ராவ் வந்தார், அவர் நினைவாகத்தான் ராவோர்செஸ்டெஸ் என்று வைத்தார்கள்.

சி. ஆர். நாராயண ராவ் 1882இல் கோயம்புத்தூரில் பிறந்தவர், உங்கள் பக்கத்துக்காரர்தான். பெங்களூர் சென்ட்ரல் காலேஜில் விலங்கியல் பேராசிரியர். தென்னிந்தியத் தவளைகள் பலவற்றுக்குப் பெயர் வைத்தார். 1932இல் தொடங்கிய ‘கரண்ட் சயின்ஸ்’ இதழின் முதல் ஆசிரியரும் அவரே. 2010இல் ராவோர்செஸ்டெஸ் கட்டுரை வெளிவந்ததும் அதே இதழில்தான். இதைக் கவனித்தபோது எனக்குக் கொஞ்சம் புல்லரித்தது.

ஒரு வருத்தமும் உண்டு. ஒரு பெயர் எந்த உயிரிக்குரியது என்று சந்தேகம் வந்தால், பெயர் வைத்தவர் பாட்டிலில் போட்டு வைத்த மாதிரியை எடுத்துப் பார்ப்பார்கள். ராவ் விவரித்த பல தவளைகளின் மாதிரிகள் இன்று இல்லை, தொலைந்துவிட்டன. அவர் எழுதிய வர்ணனையைக் கையில் வைத்துக்கொண்டு, அவர் பிடித்த காட்டுக்கே மறுபடி போய்த் தேட வேண்டியிருக்கிறது.