எரிபஸ் மலையில் ‘எரி’ இருக்கிறதா?

கேள்வி: ஒன்பதாம் வகுப்புக்குப் புவியியல் எடுக்கிறேன். அண்டார்டிகாவின் எரிபஸ் எரிமலையைப் பற்றிச் சொன்னபோது, “‘எரி’ என்ற தமிழ்ச் சொல்லிலிருந்து வந்த பெயர்தானே சார்?” என்றான் ஒரு மாணவன். வாட்ஸ்அப்பில் படித்தானாம். என்ன பதில் சொல்வது? இப்படிப்பட்ட பெயர்களை எப்படிச் சரிபார்ப்பது?

பதில்: பையனின் காது கூர்மையானது, செய்திதான் தவறு. ‘எரிபஸ்’ என்பது ஆங்கில உச்சரிப்பை நாம் தமிழில் எழுதிக்கொண்ட விதம். மூலம், கிரேக்கப் புராணத்தில் வரும் ‘எரெபோஸ்’. அங்கே ‘ரி’யே கிடையாது, பொருளும் நெருப்பு அல்ல, இருள். உறவு தேடித்தான் ஆக வேண்டுமென்றால், வடமொழி ‘ரஜஸ்’ அதற்குப் பங்காளி என்பார்கள் மொழியியலாளர்கள்.

சரி, எரிகிற மலைக்கு இருளின் பெயர் ஏன்? 1841 ஜனவரி இறுதியில், தென் காந்தத் துருவத்தைத் தேடிப் போன பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி ஜேம்ஸ் கிளார்க் ராஸ், பனிக்கு நடுவே ஒரு மலை புகையும் நெருப்பும் கக்குவதைக் கண்டார். அது துருவக் கோடை. சூரியன் மறையாத நாட்கள். இருளுக்கு அங்கே வேலையே இல்லை. அவர் ஏறி வந்த கப்பலின் பெயர் எரிபஸ். 3,794 மீட்டர் மலைக்கு அதையே சூட்டிவிட்டார். கூட வந்த கப்பல் டெரர். பக்கத்தில் சாதுவாக நிற்கும் அணைந்த எரிமலைக்கு ‘பயங்கரம்’ என்று பெயர் வாய்த்தது அப்படித்தான். இரண்டுமே பீரங்கிக் குண்டு வீசுவதற்காகக் கட்டிய போர்க்கப்பல்கள். அந்த வகைக் கப்பல்களுக்கு நரகம், எரிமலை, சீற்றம் என்று மிரட்டும் பெயர்களாகவே வைப்பது பிரிட்டிஷ் கடற்படையின் வழக்கம். ஆக, கிரேக்கப் புராணம் மலைக்கு வந்தது கப்பல் வழியாக.

சரிபார்க்க நான் கையாளும் வழி, அக்கம்பக்கப் பெயர்களைப் பார்ப்பது. ஒரு பெயரை மட்டும் பிடித்துக்கொண்டால் எந்தக் கதையும் பொருந்தும். ‘எரி’ சரியென்றால் டெரருக்கு என்ன சொல்வது? அதே வட்டாரத்தில் மக்மர்டோ நீரிணை இருக்கிறது. ஆர்ச்சிபால்ட் மக்மர்டோ டெரர் கப்பலின் அதிகாரி. பேர்ட் முனை பறவையால் வந்ததல்ல. எட்வர்ட் பேர்ட், எரிபஸ் கப்பலின் அதிகாரி.

அடுத்து, அண்டார்டிக் ஆய்வுக்கான பன்னாட்டு அறிவியல் குழுவான ‘ஸ்கார்’ தொகுத்த பெயர்ப் பட்டியல் இணையத்தில் இலவசமாகவே இருக்கிறது. பல பெயர்களுக்கு யார் சூட்டியது, ஏன் என்ற குறிப்பும் உண்டு. வகுப்பில் அதைத் திறந்து, குரோசியர் முனை யார் பெயரில் இருக்கிறது என்று அந்தப் பையனையே தேடச் சொல்லுங்கள்.