பதில்: கிராம சபையில் கையெழுத்து மட்டும்தான், பேச்சே இல்லை

வணக்கம். வெற்றுத் தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்து வாங்குகிறார்கள், ஏரிக்கரைக் குப்பையைப் பற்றிப் பேச எழுந்தால் ‘நேரமில்லை’ என்று உட்கார வைக்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். பல ஊர்களில் இதே கதைதான்.

மக்கள்தொகை 2,800 என்கிறீர்கள். 501 முதல் 3,000 வரை உள்ள ஊராட்சிக்குக் குறைவெண் வரம்பு, அதாவது கூட்டம் செல்லுபடியாக வர வேண்டிய குறைந்தபட்ச ஆட்கள், 100 பேர். நூறு நாள் வேலைக்காரர்களை உட்காரவைத்துக் கணக்குக் காட்டுவது எளிது. அவர்களையே உங்கள் பக்கம் பேசவைப்பதுதான் வேலை.

அக்டோபர் 2 கூட்டத்துக்கு முன்பே தலைவரிடம் மனு கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். வட்டார வளர்ச்சி அலுவலருக்கும் ஒரு நகல். ‘குப்பையை அகற்ற வேண்டும்’ என்று மட்டும் எழுதினால் அது வெறும் ஆசை. எந்தப் புல எண், யார் அகற்றுவது, எந்தத் தேதிக்குள் என்று தீர்மான வாசகத்தை நீங்களே எழுதிக்கொண்டு போங்கள்.

அதைவிட முக்கியம், அங்கே குப்பை கொட்டும் கடைக்காரர்களிடம் முன்கூட்டியே பேசுவது. வேறு இடம் கேட்பார்கள், நியாயம்தான். அந்தக் கேள்வி சபையில் எழும்போது உங்களிடம் பதில் இல்லையென்றால் விவாதம் சண்டையாகிவிடும். (நம் ஊர்களில் அதற்குப் பழைய பகை ஒன்று எப்போதும் தயாராக இருக்கும்.)

தீர்மானத்தை உரக்கப் படித்த பிறகே கையெழுத்து என்று நாலைந்து பேர் சேர்ந்து சொல்லுங்கள். பிறகு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் நகல் கேளுங்கள். 30 நாளில் தர வேண்டும்.