‘மை மாமா'ஸ்’னு எழுதிட்டு நிறுத்திட்டா தப்பா? டியூஷனுக்கு வந்த சில கேள்விங்க

மலேசியாவுல நம்ம சுங்கை சிப்புட்லயும் சுத்தி இருக்கிற தோட்டங்கள்லயும் இருந்து என் இங்கிலீஷ் டியூஷனுக்கு வர்ற வாய்ஸ் மெசேஜ்ல பாதி, இடத்தையும் திசையையும் சொல்ற இந்த அப், டௌன், ஓவர் சமாச்சாரம்தான், தனித்தனியா பதில் சொல்லி முடியல, அதான் சேர்த்துப் போட்டுட்டேன்.

ஃபார்ம் ஃபைவ் பையன்: “ஐ வாஸ் ஓவர் அட் மை அங்கிள்'ஸ்”னு கட்டுரையில எழுதினேன் சார். ‘அங்கிள்'ஸ்’க்கு அப்பறம் ‘ஹவுஸ்’ இல்லாம வாக்கியம் முடியாதுன்னு ஃபிரண்டு சொல்றான். அப்பறம் இந்த ‘ஓவர்’ எதுக்கு?

நீ எழுதினது சரி தம்பி. ஒருத்தரோட வீடு, கடை, கிளினிக் இதெல்லாம் கேக்கறவங்களுக்கே புரியும்னா ஆங்கிலத்துல அந்தச் சொல்லை முழுங்கிடலாம், அப்போஸ்ட்ரஃபி எஸ் மட்டும் நின்னா போதும். “அட் த டென்டிஸ்ட்'ஸ்”, “அட் த பார்பர்'ஸ்”, “டு மை கிரான்மா'ஸ்” எல்லாம் இதே ஜாதிதான். ஆனா ஆளுக்குத்தான் இந்தச் சலுகை, கட்டடத்துக்குக் கிடையாது, “அட் த ஸ்கூல்'ஸ்”னு எழுதினா ஸ்கூலோட என்னதுன்னு கேப்பாங்க.

இப்ப ‘ஓவர்’. இதை எடுத்துட்டுப் படிச்சுப் பாரு, “ஐ வாஸ் அட் மை அங்கிள்'ஸ்”, ஒண்ணும் கெட்டுப் போகல. அதே மாதிரி ‘அட்’டை எடுத்துப் பாரு, “ஐ வாஸ் ஓவர் மை அங்கிள்'ஸ்”, பேச்சுல சில ஊர்ல அப்படிச் சொல்றாங்கதான், பரிட்சையில எழுதாத. அப்போஸ்ட்ரஃபியையும் சேர்த்து விட்டுட்டா இன்னும் மோசம், “ஓவர் மை அங்கிள்”, மாமா தலைக்கு மேல நீ மெதந்துகிட்டு இருந்த மாதிரி ஆயிடும். வேலை செய்யறது ‘அட்’, ‘டு’ இந்த ரெண்டுதான். இருந்தா அட், போனா டு. முன்னாடி நிக்கிற ஓவர், அப், டௌன், ரவுண்ட் எல்லாம் நாம கைய நீட்டி “அந்தா அங்க”ன்னு காட்டற மாதிரி ஒரு சைகை, அவ்ளோதான். ‘ஓவர்’னா இங்க இருந்து கொஞ்சம் தள்ளி, ஒரு ரோட்டையோ காட்டையோ தாண்டி. ‘ரவுண்ட்’னா கிட்டத்துல, பக்கத்து லயத்துல, அதாவது தோட்டத்து வீட்டு வரிசையில. அதனால வரிசை மாறக்கூடாது: சைகை முதல்ல, அப்பறம் அட்டோ டுவோ, கடைசியில ஆளு. “அட் ஓவர் மை அங்கிள்'ஸ்” வரவே வராது.

அதே பையன், பத்து நிமிஷம் கழிச்சு: அப்ப “ஃப்ரம் ஓவர் அட்”னு ஒரு கதையில படிச்சேனே, மூணு சேர்ந்து வருதே?

நல்லா கவனிச்சிருக்க. ‘ஃப்ரம்’ மட்டும் விதிவிலக்கு, அது முழு இடத்தையும் தூக்கிட்டு வரும். “த நாய்ஸ் இஸ் கமிங் ஃப்ரம் ஓவர் அட் த நெய்பர்'ஸ்”, சத்தம் அந்தப் பக்கத்து வீட்டுல இருந்து வருது. இதுல “ஓவர் அட் த நெய்பர்'ஸ்” ஒரே மூட்டை, ஃப்ரம் அந்த மூட்டைக்கு முன்னாடி. நம்ம தமிழ்லயும் வீட்டு-ல-இருந்து, ரெண்டு உருபு ஒட்டித்தானே வருது. ஆனா “ஃப்ரம் ஓவர் டு” வராது, ஒரு இடத்துக்குப் போறதும் அங்கிருந்து வர்றதும் ஒரே மூச்சுல நடக்குமா.

ஒரு அம்மா: எம்மக “ஐ வென்ட் டு ஹோம்”னு எழுதினதுக்கு மார்க் வெட்டிட்டாங்க. வீட்டுக்கு-ன்னா ‘டு’ வேணாமா?

வெட்டினது நியாயம்மா, ஆனா பிள்ளையத் திட்டாதீங்க, தமிழ்ல யோசிச்சா அப்படித்தான் வரும். வீட்டுக்கு, கடைக்கு, கோயிலுக்கு, எல்லாத்துலயும் ‘க்கு’ வருது, அதனால எல்லாத்துலயும் ‘டு’ போட்டுடறோம். ஆனா தமிழ்லயே பாருங்க, “அங்க போ”, “மேல போ”, “வெளிய போ”ங்கறோம், “அங்கக்கு போ”ன்னு யாராவது சொல்றோமா? அந்தச் சொல்லுக்குள்ளயே ‘க்கு’ இருக்கு. ஆங்கிலத்துல ‘ஹோம்’ இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது. ஹியர், தேர், அப்ஸ்டேர்ஸ், அப்ராட், ஓவர்சீஸ் எல்லாம் கூட அப்படித்தான், போறதைச் சொல்லும்போது ‘டு’ வேணாம். “கோ அப்ஸ்டேர்ஸ்”, “கோ அப்ராட்”. வெளியூர் போறதுக்கு நாம மலேசியாவுல சொல்ற “கோயிங் அவுட்ஸ்டேஷன்” கூட இந்தக் கணக்குதான். ஹோம் விஷயத்துல இது இன்னிக்கு நேத்து வந்த பழக்கமும் இல்ல, ஆயிரம் வருஷத்துக்கு முந்தின ஆங்கிலத்துலயே ஹோம் இப்படித்தான் தனியா நின்னுச்சு.

ஒரு சிக்கல் இருக்கு, அதுலதான் பிள்ளைங்க மாட்டறாங்க. யாரோட வீடுன்னு முன்னாடி ஒரு ஆள் வந்துட்டா ஹோம் சாதாரண பேர்ச்சொல்லா மாறிடும், ‘டு’ திரும்ப வந்துடும்: “ஐ வென்ட் டு மை கிரான்மா'ஸ் ஹோம்”. ரெண்டையும் சேர்த்தும் எழுதலாம், “ஐ வென்ட் ஹோம் டு மை மதர்'ஸ்”, இதுல ஹோம் சைகை, டு-வோட போறது அம்மா வீடு. தீபாவளிக்கு கோலாலம்பூர்ல இருந்து தோட்டத்துக்குத் திரும்பற பிள்ளைங்களுக்கு இதவிடப் பொருத்தமா ஒரு வாக்கியம் இல்ல. இன்னொண்ணு, “ஐ வான்ட் டு கோ பேக்”னு மட்டும் சொல்லி வீட்டுக்குப் போறதைச் சொல்றது நம்ம ஊர்ப் பழக்கம், மலாய்ல திரும்பிப் போறதுக்கு ‘பாலெக்’னு சொல்றதோட பாதிப்பு. இங்க எல்லாருக்கும் புரியும், பரிட்சையில ‘கோ ஹோம்’னு எழுதச் சொல்லுங்க.

தோட்டத்துல கிராணி, அதாவது கணக்கு எழுதற வேலை பாத்து ரிட்டயர் ஆன ஒரு ஐயா: பினாங்குல இருக்கிற மகன் “கம் அப் டு பினாங்”னு மெசேஜ் போடறான். கடலோரத்துல இருக்கிற ஊருக்கு எப்படிங்க ‘அப்’?

வடக்கு ‘அப்’, தெற்கு ‘டௌன்’, மேப்பைச் சுவத்துல மாட்டின பழக்கம் ஐயா. மலைன்னாலும் அப். அதனால நம்ம ஊர்ல இருந்து தெற்க இருக்கிற சிம்பாங் பூலாய் வழியா கேமரன் மலைக்குப் போறவங்களுக்கு ரெண்டும் ஒரே நாள்ல நடக்கும், முதல்ல “டௌன் டு சிம்பாங் பூலாய்”, அங்கிருந்து “அப் டு கேமரன்”. இங்கிலாந்துல கதை வேற, அங்க ரயில்காரங்க லண்டன் பக்கம் போற லைனை ‘அப்’ங்கறாங்க, வடக்க இருந்து வந்தாலும் லண்டன்னா பல பேருக்கு அப்தான். பெரிய எடம்னா மேல. வெள்ளைக்கார மேனேஜர் பங்களாவை மேட்டுல கட்டி வச்ச தோட்டத்துல வேலை பாத்த உங்களுக்கு இதை நான் விளக்கணுமா.

“டௌன் டு த ஷாப்”ல பள்ளம் எதுவும் தேட வேணாம், பக்கத்துல போயிட்டு வர்றேன்னு அர்த்தம்.

ஆஃபீஸ்ல வேலை செய்யற ஒரு பொண்ணு: ‘இன்டு’ சேர்த்து எழுதணுமா பிரிச்சு எழுதணுமா?

உள்ள நுழைஞ்சா சேர்த்து. ‘இன்’ வினையோட ஒட்டிக்கிட்டு ‘டு’ தனி வேலை செஞ்சா பிரிச்சு: லாக் இன் டு, ஹேண்ட் இன் டு. கீழ கெடந்த பர்ஸை போலீஸ்ல ஒப்படைச்சதை “டர்ன்ட் இட் இன் டு த போலீஸ்”னு பிரிச்சு எழுதுங்க, சேர்த்தா பர்ஸே போலீஸா மாறிடும்.

புதுசா கல்யாணம் ஆனவங்க: அண்ணன் அண்ணி வீட்டுல இருக்கோம்னா ரெண்டு பேருக்கும் அப்போஸ்ட்ரஃபி போடணுமா?

ஒரே வீடுன்னா கடைசி ஆளுக்கு மட்டும், “ஓவர் அட் மை பிரதர் அண்ட் சிஸ்டர்-இன்-லா'ஸ்”. ரெண்டு பேருக்கும் போட்டா ரெண்டு வீடுன்னு ஆகும், குடும்பத்துல தேவையில்லாத பேச்சு.

லாரி ஓட்டற ஒரு அண்ணன்: வண்டியப் பின்னால எடுக்கறதுக்குச் சொல்ற ‘கோஸ்தான்’ இங்கிலீஷா மலாயா? மகன் சிரிக்கிறான்.

சிரிக்க வேணாம்னு சொல்லுங்க அண்ணே, அது கப்பல்காரங்க சொன்ன ‘கோ ஆஸ்டர்ன்’, கப்பலைப் பின்னால எடுன்னு அர்த்தம். ‘ஆஸ்டர்ன்’ அசல் திசைச் சொல், ஹோம் மாதிரியே ‘டு’ இல்லாம நிக்குது. துறைமுகத்துல இருந்து இறங்கி, செம்பனை ஏத்தற லாரி வரைக்கும் வந்துடுச்சு. லைசென்ஸ் கிளாஸ்ல ‘ரிவர்ஸ்’னு சொல்லுங்க, பின்னாடி நிக்கிற பையனுக்கு கோஸ்தான்னே கத்துங்க, அவன் அதுக்குத்தான் சட்டுனு நகருவான்.