‘பயன்பாட்டில் உள்ளது’ என்று மறுக்கும் மாட்யூலைப் பலவந்தமாக இறக்கலாமா?

கேள்வி: பின்னல் எந்திரத்தின் சுற்றுகளை எண்ணும் கார்டு ஒன்றுக்கு லினக்ஸ் டிரைவர் எழுதிவருகிறேன். அது லினக்ஸின் மையமான கெர்னலில் தேவைப்படும்போது ஏற்றி இறக்கும் துண்டு நிரல், அதாவது மாட்யூல். ஏற்றும் கட்டளையான இன்ஸ்மாட் கொடுத்தால் மாட்யூல் ஏறிவிடுகிறது. இறக்கும் கட்டளையான ஆர்எம்மாட் கொடுத்தால் ‘பயன்பாட்டில் உள்ளது’ என்று இறங்க மறுக்கிறது. கார்டு விற்ற கோவைக்காரர், பலவந்தமாக இறக்கச் சொல்லும் ‘மைனஸ் எஃப்’ சேர்த்த ஸ்கிரிப்ட் ஒன்றைக் கொடுத்து ஓட்டச் சொல்கிறார். ஓட்டலாமா?
– வாசகர், திருப்பூர்

பதில்: ஓட்டாதீர்கள். உங்கள் சாதனத்தை ஒரு புரோகிராம் திறக்கும்போதெல்லாம் கெர்னல் அந்த மாட்யூலின் கணக்கில் ஒன்றைக் கூட்டும். மூடும்போது ஒன்றைக் கழிக்கும். கணக்கு பூஜ்யம் ஆகாதவரை இறக்க விடாது. டிரைவர் நிரலிலுள்ள கோப்புச் செயல்களின் பட்டியலில் ‘ஓனர்’ என்ற இடத்தில் ‘திஸ் மாட்யூல்’ என்று எழுதியிருப்பதால்தான் இந்தக் கணக்கு நடக்கிறது. அதை எழுத மறந்தவருக்கு மறுப்பே வராது, பயன்பாட்டில் இருக்கும்போதே மாட்யூல் சத்தமில்லாமல் இறங்கிவிடும். அதைவிட உங்கள் நிலைமை மேல்.

ஏறியிருக்கும் மாட்யூல்களைப் பட்டியலிடும் எல்எஸ்மாட் கட்டளையைக் கொடுத்து மூன்றாம் நெடுவரிசையைப் பாருங்கள். எண்ணுக்குப் பக்கத்தில் வேறொரு மாட்யூலின் பெயர் இருந்தால் முதலில் அதை இறக்க வேண்டும். வெறும் எண் மட்டும் இருந்தால், சாதனக் கோப்பின் பெயரைத் தந்து ஃபியூசர் கட்டளையை ரூட்டாக, அதாவது நிர்வாகி உரிமையோடு, இயக்குங்கள். பிடித்துக்கொண்டிருக்கும் புரோகிராம் தெரிந்துவிடும். பெரும்பாலும் அது சுற்று எண்ணிக்கையைத் திரையில் காட்டும் உங்கள் சொந்தப் புரோகிராமாகவோ, முந்தைய நாள் சோதனைக்காக வேறொரு டெர்மினலில் ஓடவிட்டு மறந்த, கோப்பைப் படித்துக் காட்டும் ‘கேட்’ கட்டளையாகவோதான் இருக்கும். அதை நிறுத்தினால் ஆர்எம்மாட் மறுபேச்சில்லாமல் வேலை செய்யும்.

பலவந்தமாக இறக்கினால், உங்கள் நிரல் இருந்த நினைவிடம் காலியாகிவிடும். ஆனால் திரைப் புரோகிராமின் கையில் பழைய முகவரிதான் இருக்கும். அடுத்த முறை அது எண்ணிக்கையைப் படிக்கப் போகும்போது கெர்னலே விழலாம். இத்தனைக்கும் பலவந்தமாக இறக்கும் வசதி இல்லாமல் தொகுக்கப்பட்ட கெர்னலில் ‘மைனஸ் எஃப்’ ஒன்றையும் சாதிக்காது.

இந்த ஸ்கிரிப்ட் வியாபாரத்தை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். மூல நிரலைக் கண்ணில் காட்டாமல் தொகுத்த கோப்பை மட்டும் கொடுப்பார்கள். கெர்னல் புதுப்பிக்கப்பட்டதும் பதிப்பு பொருந்தாமல் ‘தவறான மாட்யூல் வடிவம்’ என்று வரும். உடனே நேரில் வந்து, மாட்யூலை ஏற்றுவதையும் பலவந்தமாகச் செய்துவிட்டு, வந்துபோன கூலியை வாங்கிக்கொள்வார்கள். பூட்டை உடைத்துக் கதவைத் திறப்பதற்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை. மூல நிரல் தராதவரிடம் கார்டு வாங்காதீர்கள். பயிற்சி மையங்களும் தம் பங்குக்குக் கெடுக்கின்றன. கணக்கை டிரைவரே கையால் கூட்ட வேண்டும் என்ற பழைய மேக்ரோவை இன்னமும் நோட்ஸாகக் கொடுக்கும் இடங்கள் இருக்கின்றன. 2003 டிசம்பரில் வந்த 2.6 கெர்னலோடு அந்த முறைக்கே வேலை போய்விட்டது. பாடத்திட்டம் மாறுவதற்குள் பிள்ளைகள் ஓய்வுபெற்றுவிடுவார்கள் போலிருக்கிறது.

ஒரு விதிவிலக்கைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஃபியூசர் எவரையும் காட்டவில்லை, ஆனாலும் எல்எஸ்மாட்டில் எண் 1 என்றே நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது புராக் அடைவிலுள்ள ‘மாட்யூல்ஸ்’ கோப்பைத் திறந்து, உங்கள் மாட்யூலின் வரியில் ஐந்தாவது சொல்லைப் பாருங்கள். ‘லைவ்’ என்றிருந்தால் மாட்யூல் ஒழுங்காக ஏறியிருக்கிறது. யாரோ இன்னும் பிடித்திருக்கிறார்கள், மறுபடி தேடுங்கள். இன்ஸ்மாட் கொடுத்து வெகுநேரமாகியும் ‘லோடிங்’ என்றே இருந்தால், மாட்யூல் ஏறும்போது ஓடும் உங்கள் தொடக்கச் செயற்கூறு பாதியிலேயே விழுந்துவிட்டது அல்லது திரும்பி வராமல் தொங்குகிறது என்று பொருள். ஏற்றும்போது கெர்னல் தானே பிடித்த ஒரு கணக்கு அப்படியே நின்றுவிடுகிறது, அதை விடுவிக்க ஆளில்லை. எண் எதுவானாலும் ‘அன்லோடிங்’ என்று நின்றால் விழுந்தது, இறங்கும்போது ஓடும் முடிவுச் செயற்கூறு. விழுந்துபோன இவ்விரு நிலைகளிலும் ‘மைனஸ் எஃப்’ கூடப் பலிக்காது, கெர்னல் அதைப் பொருட்படுத்துவதே இல்லை. கணினியை மறுபடி துவக்குவது ஒன்றே வழி. ஆகவே ஷிப்ட் ஓடும் எந்திரத்தில் சோதிக்காமல் தனிக் கணினியில் சோதியுங்கள். மறுபடி துவக்கும் முன் கெர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெசேஜ் கட்டளை தருவதை ஒரு கோப்பில் சேமித்துக்கொள்ளுங்கள், எந்தச் செயற்கூறில் விழுந்தது என்பது அதில்தான் இருக்கும்.