மரவேர் தூக்கிய சைக்கிள் பாதை: யாரிடம் புகார் செய்வது?

சிங்கப்பூரில் பார்க் கனெக்டர் ஒன்றில் (பூங்காக்களை இணைக்கும் நடை, சைக்கிள் பாதை) மரவேர் தூக்கிய மேடு பற்றி நகர மன்றத்துக்கு எழுதினீர்கள், ‘எங்கள் எல்லை இல்லை’ என்று பதில் வந்தது, இனி யாரிடம் சொல்வது என்று கேட்டிருக்கிறீர்கள். நகர மன்றத்துக்கே மறுபடி எழுதாதீர்கள். அந்த மேட்டை ஒன்சர்வீஸ் என்ற அரசாங்கப் புகார் செயலியில் பதியுங்கள். உரிய அமைப்புக்குப் போய்விடும்.

‘எங்கள் எல்லை இல்லை’ என்று பதில் வந்ததற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்: சிங்கப்பூரில் பார்க் கனெக்டர் தேசியப் பூங்காக் கழகத்தின் பொறுப்பு, சாலையோர சைக்கிள் பாதை நிலப் போக்குவரத்து ஆணையத்தின் பொறுப்பு, வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்குகளுக்கு இடையிலுள்ள பாதைதான் நகர மன்றத்துடையது.

அனுப்பும் முன் பக்கத்து விளக்குக் கம்பத்தில் எண் இருக்கிறதா பாருங்கள். எண் தெரியும்படி ஒரு படம், மேட்டருகே அளவுகோல் வைத்து ஒரு படம். வெறுமனே ‘பாதை மோசம்’ என்றால் இடம் புரியாது. முதியவர்களும் நடக்கும் பாதை என்பதையும் எழுதுங்கள், அது முக்கியம்.

வேரை வெட்டினால் மரம் சாயலாம், ஆகவே முழுச் சீரமைப்புக்கு நாளாகும். அதுவரை மேட்டில் மஞ்சள் சாயமாவது பூசச் சொல்லிக் கேளுங்கள்.