1962 ஃபோர்டு ஃபால்கனில் முதலில் வி8 எஞ்சினைப் பொருத்தலாமா?

வீட்டிலேயே புதுப்பிக்கும் 1962 ஃபால்கனில், ஆறு சிலிண்டர் எஞ்சினுக்குப் பதிலாக எட்டு சிலிண்டர் கொண்ட வி8 பொருத்துவதிலிருந்து தொடங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பிரேக்கிலிருந்து தொடங்குவதே சரி என்பேன். அந்தக் காரில் நான்கு சக்கரங்களுக்கும் ஒரே பிரேக் ஆயில் சுற்றுதான் இருப்பதால், ஒரு குழாய் கசிந்தாலே பிரேக் முழுவதும் செயலிழக்கக்கூடும். ஆகவே பெடலை மிதிக்கும்போது பிரேக் ஆயிலைத் தனித்தனியான இரு சுற்றுகளில் அழுத்தி அனுப்பும் இரட்டைச் சுற்று மாஸ்டர் சிலிண்டரைப் பொருத்துங்கள். தனிச் சேஸிஸ் (அடிச்சட்டம்) இல்லாமல் உடற்கூடே எடையைத் தாங்குவதால், முன்கண்ணாடிக்குக் கீழுள்ள காற்றுவழி துருப்பிடித்துத் தரைத்தகட்டில் நீர் இறங்கியிருந்தால், அத்தகட்டை வெட்டியெடுத்துப் புதிதாக வெல்டிங் செய்யுங்கள். பட்டி பூசி மறைப்பது வெறும் ஒப்பனை. 1964இல் வந்த ஃபோர்டின் மஸ்டாங் கார் ஃபால்கனின் அடித்தளத்தில் உருவானதால், அதற்குரிய முன் டிஸ்க் பிரேக், ஐந்து போல்ட் சக்கர அமைப்பு போன்றவற்றைச் சிறு மாற்றங்களுடன் இதிலும் பொருத்தலாம்; வி8 எஞ்சின் அதன் பிறகு வரட்டும்.