எந்த ஔவையைச் சொல்லித் தரப் போகிறீர்கள்?

வணக்கம் அம்மா,

நண்பர்கள் ஐந்து பேர் சேர்ந்து, எங்கள் கிராமத்துப் பெண் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமைதோறும் நன்னெறி வகுப்பு நடத்தப் போகிறோம். ஆறாவது முதல் பத்தாவது வரை நாற்பது பேர். பெற்றோர் பலர் பெங்களூருவில் கட்டட வேலையில். பிள்ளைகள் பாட்டி வீட்டில். பண்பாடு தெரியாமல் வளர்கிறார்கள் என்று பெரியவர்கள் வருத்தப்படுகிறார்கள். ஔவையாரின் கொன்றை வேந்தனில் தொடங்கலாமா?

ஒரு வாசகர், தர்மபுரி மாவட்டம்

அன்புள்ள நண்பருக்கு,

ஔவையில் தொடங்குங்கள், சரி. ஆனால் வரியைப் பார்த்து எடுங்கள். ‘உண்டி சுருங்குதல் பெண்டிர்க்கு அழகு’ என்பதும் கொன்றை வேந்தன்தான். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. வாரத்தில் ஒரு நாள் பள்ளியில் இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கிறார்கள். சனிக்கிழமை நீங்கள் போய், குறைவாகச் சாப்பிடுவதுதான் அழகு என்று சொல்லிவிடாதீர்கள்.

சில வருடங்களுக்கு முன் அரூர் பக்கம் ஒரு வீட்டில் சாப்பிட்டேன். எட்டாவது படிக்கிற பெண்தான் பரிமாறினாள். இருந்த ஒரே அவித்த முட்டை தம்பிக்கு. எல்லோரும் எழுந்த பிறகு, குழம்புச் சட்டியிலேயே சோற்றைப் போட்டுப் பிசைந்து சாப்பிட்டாள். “உனக்கு முட்டை பிடிக்காதா?” என்றேன். “தம்பி வளர்ற பையன்ல” என்றாள். அவளுக்கு வயது பதின்மூன்று!

பொறுமை, அடக்கம், விட்டுக்கொடுத்தல் எல்லாம் அந்தப் பிள்ளைக்கு ஏற்கெனவே மனப்பாடம். பத்தாவது முடித்ததும் மாமன் மகனுக்குப் பேசி முடித்தால் அந்த அடக்கமே அவள் வாயை அடைத்துவிடும். 18 வயதுக்கு முன் கல்யாணம் செய்வது 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம், குழந்தைகள் உதவி எண் 1098க்குப் போன் போடலாம் என்பதைச் சொல்லுங்கள். பெரியவர் முன்னால் நிமிர்ந்து ‘வேண்டாம்’ என்று சொல்வதும் நன்னெறியில் சேர்த்திதான். அதை ஒரு நாள் சொல்லிப் பார்க்கவும் வையுங்கள். முதல் தடவை குரலே வராது.

ஔவைதான் வேண்டுமென்றால், உங்கள் ஊர் ஔவை இருக்கிறாரே! பழைய தகடூர்தானே உங்கள் தர்மபுரி. கொன்றை வேந்தன் பாடியவருக்குப் பல நூற்றாண்டு முந்தைய சங்கப் புலவர் அவர். தகடூரை ஆண்ட அதியமானுக்காகக் காஞ்சி அரசன் தொண்டைமானிடம் தூது போனார். அவன் ஆயுதங்களைக் காட்ட, உன் வேல்கள் மாலை சூடி நெய் பூசிப் பளபளக்கின்றன, எங்கள் அரசனின் வேல்கள் போரில் நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்று சிரிக்காமல் பாடிவிட்டு வந்தார். அதியமான் இறந்தபோது பாடிய பாட்டில், கொஞ்சம் கள் கிடைத்தால் எங்களுக்கே தருவான், எலும்போடு கறி இருக்கும் இடமெல்லாம் எங்களுக்கே வைப்பான் என்று அழுகிறார். இந்த ஔவைக்கு உண்டி சுருங்கவில்லை. கள்ளை வேண்டுமானால் விட்டுவிடுங்கள், கறியைச் சொல்லுங்கள்.

அப்புறம், பெண்களுக்கு மட்டும் ஏன் வகுப்பு? பையன்களையும் கூப்பிடுங்கள். சனிக்கிழமை பள்ளியில் சத்துணவு இருக்காது. ஆளுக்கொரு முட்டை அவித்துக் கொடுங்கள். பையன்கள் பரிமாறட்டும், பெண்களுக்கு முதல் பந்தி. முதல் மாத முட்டைச் செலவு என்னுடையது. வங்கிக் கணக்கு எண்ணை மின்னஞ்சலில் அனுப்புங்கள்.